தோடருக்காக வாதாடிய கோவை கலெக்டர்

மேட்டுப்பாளையம் மண்டிகளில் ஊட்டி உருளைக்கிழங்கு மூட்டை மூட்டையாக வந்து இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். நம் பாட்டிமார் அதையும் முட்டைக்கோசையும் காரட்டையும் சீமைக் காய் என்று சொல்லித்தான் வாங்கினார்கள்.

இந்தச் சீமைக் காய்களை நீலகிரி மண்ணில் பயிரிட்டுக் காட்டியவர் யார்? ஊட்டி ஏரியை அமைத்தவர் யார்? ஊட்டியில் முதன்முதலாகக் கல் வீடு கட்டியவர் யார்?

மூன்று கேள்விக்கும் விடை ஒன்றுதான். அவர் ஜான் சல்லிவன். 1815-ம் ஆண்டு முதல் 1830-ம் ஆண்டு வரை கோயமுத்தூர் ஜில்லாவின் கலெக்டராக இருந்த வெள்ளைக்காரத் துரை.

இவ்வளவும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால், அவருடைய வாழ்க்கையில் இன்னொரு பாதி இருக்கிறது. அது ஒரு வழக்கின் கதை. மலையில் எருமை மேய்த்து வாழ்ந்த சில நூறு பேருக்காக, தமக்குச் சம்பளம் கொடுத்த சர்க்காரோடு பல ஆண்டுகள் மல்லுக்கு நின்றார் சல்லிவன். அந்த மலை யாருக்குச் சொந்தம் என்பதுதான் வழக்கு. அதில் அவர் தோற்றார். அந்தத் தோல்வியின் கணக்கு ஏக்கரில் எழுதப்பட்டிருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

மோசடியை விசாரிக்க வந்தவர்

சல்லிவன் 1788-ம் ஆண்டு ஜூன் மாதம் 15-ந் தேதி லண்டனில் பிறந்தார். 1804-ம் ஆண்டில், மீசை கூட முளைக்காத வயதில், கிழக்கிந்தியக் கம்பெனியில் எழுத்தராகச் சேர்ந்து சென்னைக்கு வந்தார். அந்தக் காலத்தில் எழுத்தர் என்றால் பேனா பிடிக்கும் குமாஸ்தா மட்டுமல்ல. வருங்காலக் கலெக்டருக்கும் கவுன்சில் மெம்பருக்கும் அதுதான் முதல் படி.

கோயமுத்தூரில் அப்போது ஒரு பெரிய மோசடி வெளிப்பட்டிருந்தது. ஜில்லா கஜானாவைப் பார்த்துக்கொண்ட காசிச் செட்டி என்பவர் சர்க்கார் பணத்தைக் கையாண்டு ஊரையே ஆட்டிவைத்திருந்தார். அதை விசாரிக்க சர் தாமஸ் மன்றோவையும் சல்லிவனையும் அனுப்பினார்கள். மன்றோ அப்போதே பெயர் பெற்ற மனிதர். சல்லிவனுக்கு வயது இருபத்தேழு. விசாரணைக்கு வந்த அந்த வாலிபரே கோவையின் கலெக்டராக நிலைத்துவிட்டார்.

அவர் ஆண்ட ஜில்லா மிகப் பெரியது. இன்றைய கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரிப் பகுதிகளெல்லாம் அதில் அடங்கும். 1822-ல் கவர்னர் மன்றோ ஜில்லாதோறும் எத்தனை பள்ளிக்கூடங்கள் உண்டு என்று கணக்குக் கேட்டார். கோவை ஜில்லாவில் 763 பள்ளிக்கூடங்கள் இருப்பதாகச் சல்லிவன் பதில் அனுப்பினார். எல்லாம் நம்மவர்களே நடத்திய திண்ணைப் பள்ளிக்கூடங்கள். இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. ஓர் ஊரில் முன்பே என்ன இருக்கிறது என்று பார்க்கும் கண் அவருக்கு இருந்தது. மலை ஏறியபோதும் அந்தக் கண்ணோடுதான் ஏறினார்.

மேகத்துக்கு மேலே ஒரு நாடு

கோவையிலிருந்து வடக்கே பார்த்தால் நீல நிறத்தில் மலைச் சுவர் தெரியும். அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று வெள்ளைக்காரருக்கு வெகுகாலம் தெளிவாகத் தெரியாது. 1603-ல் பெனிசியோ என்ற பாதிரியார் மலையாளக் கரையிலிருந்து ஏறிப் போய்த் தோடர்களைப் பார்த்துவிட்டு வந்தார். அதன் பிறகு இருநூறு ஆண்டுகள் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1812-ல் கீஸ் என்ற சர்வேயர் போய் வந்தார். 1818-ல் சல்லிவனின் உதவி அதிகாரிகளான விஷ், கிண்டர்ஸ்லி என்ற இருவர் ஏறினார்கள்.

அவர்கள் ஏறியதற்கு ஒரு கதை சொல்வார்கள். மலையாளத்தில் புகையிலை விற்கும் உரிமை கம்பெனிக்கு மட்டுமே உண்டு. கோவைப் புகையிலையைத் திருட்டுத்தனமாக மலை வழியாகக் கடத்தினால் நல்ல லாபம். அந்தக் கடத்தல்காரரைத் துரத்திக்கொண்டு போன துரைமார் திடீரென்று குளிர்ந்த புல்வெளியில் நின்றார்களாம்! கதை உண்மையோ இல்லையோ, அவர்கள் இறங்கி வந்து சொன்ன செய்தி சல்லிவனைத் தூங்கவிடவில்லை.

1819-ம் ஆண்டு ஜனவரி மாதம் அவரே புறப்பட்டார். அன்று பாதை ஏது? பவானி ஆற்றங்கரையை விட்டால் அடர்ந்த காடு. காட்டுக் காய்ச்சல். யானை. அந்நாளில் மலையேறும் வழிகளில் ஒன்று தணாயக்கன் கோட்டைப் பக்கமாகப் போயிற்று. அந்தக் கோட்டை இன்று பவானிசாகர் அணையின் நீருக்குள் இருக்கிறது. சில நாள் நடந்து, கோத்தகிரிப் பக்கத்தில் திம்பட்டி என்ற இடத்தை அடைந்தார் சல்லிவன்.

கீழே வெயில். மேலே போர்வை போர்த்தும் குளிர். கம்பெனி அதிகாரிகள் காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த காலம் அது. அதே ஆண்டில் லெஷெனோ என்ற பிரெஞ்சு நாட்டுச் செடிநூல் நிபுணர், உடல் நலிந்த நிலையில் சல்லிவனோடு மலைக்கு வந்தார். வந்த இடத்தில் தேறிவிட்டார். இது போதாதா? நோயாளிகளுக்கு உகந்த இடம் என்று சென்னைக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார் சல்லிவன். சிறுமுகையிலிருந்து பாதை போட உத்தரவு வந்தது. கோத்தகிரி அருகே கன்னேரிமுக்கில் அவர் கட்டிய வீடு பழுது பார்க்கப்பட்டு இன்று நினைவு இல்லமாக இருக்கிறது.

1820-ல் அவருக்குக் கல்யாணம். மனைவி பெயர் ஹென்ரியட்டா. அந்த மலையில் வாழ வந்த முதல் வெள்ளைக்காரப் பெண்மணி இவர்தான் என்பார்கள். 1822-ல் உதகமண்டலத்தில் வீடு கட்டத் தொடங்கினார் சல்லிவன். மலைமக்கள் அதைக் கல் பங்களா என்றார்கள். அதுவே ஸ்டோன் ஹவுஸ். இன்று அது அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. ஓடைகளை மறித்து 1823 முதல் 1825-க்குள் ஏரியும் அமைத்தார். உருளைக்கிழங்கு, பார்லி, ஆப்பிள், பீச் எல்லாம் பயிரிட்டுப் பார்த்தார்.

காலியிடம் என்று ஒன்று இல்லை

இங்கேதான் நம் கதையின் முடிச்சு.

மற்ற துரைமார் அந்தப் புல்வெளியைப் பார்த்து, ஆளில்லாத காலியிடம் என்று நினைத்தார்கள். சல்லிவன் அப்படி நினைக்கவில்லை. அங்கே தோடர் இருந்தார்கள். தொதவர் என்றும் சொல்வதுண்டு. அரை வட்ட வண்டிக் கூடாரம்போல் வளைந்த கூரை வீடு. அதில் குனிந்து தவழ்ந்துதான் நுழைய முடியும். அப்படிச் சில வீடுகள் சேர்ந்தது ஒரு மந்து. அவர்களுக்கு எருமைதான் செல்வம், எருமைதான் தெய்வம். பால் கறந்து மோர் கடையும் இடமே கோயில். உடம்பில் சிவப்பும் கறுப்புமாகப் பூ வேலை செய்த வெள்ளைப் போர்வை. ஆயுதம் ஏந்தமாட்டார்கள். ஏர் பிடிக்கமாட்டார்கள்.

பக்கத்திலே படுகர் பயிர் செய்தார்கள். கோத்தர் இரும்படித்தார்கள், பானை வனைந்தார்கள். காட்டுச் சரிவில் குறும்பரும் இருளரும் வாழ்ந்தார்கள். படுகர் தங்கள் விளைச்சலில் ஒரு பங்கைத் தோடருக்குக் கொடுத்துவந்தார்கள். ஏன் கொடுத்தார்கள்? மலை அவர்களுடையது என்ற எண்ணத்தில்தான் என்று சல்லிவன் கருதினார். குத்தகைக்காரன் நிலத்துக்காரனுக்கு அளப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கல் பங்களா கட்டும் இடத்தை ஏக்கருக்கு ஒரு ரூபாய் வீதம் அவர் தோடரிடம் வாங்கினார் என்று ஊட்டியில் பேச்சு வழங்குகிறது. ஒரு ரூபாய் கொள்ளை மலிவு என்பதில் சந்தேகமில்லை. ஆனால், பணத்தை யாரிடம் கொடுத்தார் என்பதைப் பாருங்கள். சர்க்காரிடம் அல்ல, தோடரிடம். விலை கொடுத்தால் விற்றவன்தான் சொந்தக்காரன் என்று ஒப்புக்கொண்டதாக ஆகிறது!

பின்னால் வந்து குடியேறிய வெள்ளையரும் தோடருக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று சல்லிவன் வற்புறுத்தினார். நினைவுக்கு எட்டாத காலந்தொட்டு மலை அவர்களுடைய உடைமை, அவர்களைக் கேட்காமல் ஒரு துண்டு நிலத்தையும் எடுப்பது நியாயமில்லை என்பது அவர் கட்சி.

மன்றோ கவர்னராக இருந்தவரை பேச்சு சுமுகமாகவே நடந்தது. 1826-ல் மன்றோவே ஊட்டிக்கு வந்து சல்லிவன் வீட்டில் தங்கினார். அடுத்த ஆண்டு ஜூலையில் பத்திக்கொண்டாவில் காலராக் கண்டு மன்றோ இறந்துபோனார். அதோடு காற்று திசை மாறிவிட்டது.

லூஷிங்டன் வந்தார்

புதிய கவர்னர் ஸ்டீபன் ரம்போல்டு லூஷிங்டன். இந்தப் பெயரைக் கட்டபொம்மன் கதையில் கேட்டிருப்பீர்கள். 1799-ல் ஜாக்சன் துரைக்குப் பின் கலெக்டராக வந்தாரே, அவரேதான்.

லூஷிங்டனுக்கும் ஊட்டி பிடித்துவிட்டது. ஆனால், அது தம்முடைய ஊராக இருக்க வேண்டும் என்று விரும்பினார். 1828-ல் ஊட்டியை ராணுவ இடமாக மாற்றி, மேஜர் கெல்ஸோ என்ற பட்டாள அதிகாரியைத் தலைவராக நியமித்தார். ஊரை உண்டாக்கிய கலெக்டர் அங்கே விருந்தாளி போலானார். கலெக்டருக்கும் மேஜருக்கும் ஓயாத தகராறு.

1830-ல் இன்னொரு அடி விழுந்தது. ஊட்டி உட்பட நீலகிரியின் பெரும் பகுதியைக் கோவை ஜில்லாவிலிருந்து பிரித்து மலையாள ஜில்லாவில் சேர்த்தார்கள். பதின்மூன்று ஆண்டுகள், 1843 வரை, அது அங்கேயே இருந்தது. காகிதத்தில் ஒரு கோடு போட்டால் போதும். அந்த மந்தில் இருக்கிற தோடர் எந்தக் கலெக்டரிடம் முறையிடுவது என்பதே மாறிப்போகும். எல்லைப்புற மக்களின் தலைவிதி அது. மூன்று நாட்டுக்கு நடுவே, கோவைக்கும் மலையாளத்துக்கும் மைசூருக்கும் இடையே இருந்தது அந்த மலை. எல்லையை வரைந்தவர்கள் மலைமக்களை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

வழக்கின் மையம் இதுதான். சர்க்காரின் நிலச் சட்டம் ஏரைப் பார்த்து எழுதப்பட்டது. யார் உழுகிறானோ அவன் பெயரில் பட்டா. அவன் வரி கட்டுவான். உழாத நிலம் தரிசு. தரிசு என்றால் சர்க்காருடையது. ரயத்துவாரி முறை நம் சமவெளிக் குடியானவர்களுக்கு ஓரளவு பொருந்தியது. ஏரையே தொடாத தோடருக்கு எப்படிப் பொருந்தும்? அவர்கள் உழவில்லை. ஆகவே பட்டா இல்லை. ஆகவே நிலம் இல்லை! மேய்ப்பது வேறு, சொந்தம் கொண்டாடுவது வேறு என்றது லூஷிங்டன் சர்க்கார்.

காங்கேயம் பக்கத்து விவசாயிகள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். அவர்களிடம் கொறங்காடு உண்டு. கிளுவை வேலி போட்டு, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளர்த்து, மாட்டை விட்டு மேய்ப்பார்கள். வருஷக்கணக்கில் ஏர் போகாது. அதற்காக அது காட்டுக்காரருக்குச் சொந்தமில்லை என்று யாராவது சொல்வார்களா? வேலி இருக்கிறது, பட்டா இருக்கிறது, கேட்க ஆள் இருக்கிறது. தோடரிடம் இந்த மூன்றும் இல்லை. அவர்களுக்காகக் கேட்க இருந்த ஒரே பெரிய உத்தியோகஸ்தர் சல்லிவன்.

அவர் கையிலும் மண்

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றை மறைத்தால் அது நியாயமாகாது.

சல்லிவனே ஊட்டியில் ஏராளமான நிலம் வைத்திருந்தார். மற்ற வெள்ளையர் எல்லோரும் சேர்ந்து வைத்திருந்ததைவிட அதிகம். தோடரிடம் வாங்கினால் செல்லும் என்ற வாதம் நிலைத்தால் அவருடைய நிலமும் நிலைக்கும். தோடர் உரிமை பேசுவது தன் சொத்தைக் காப்பாற்றத்தானே என்று கேட்க நினைத்தவர்களுக்கு அவரே இடம் கொடுத்துவிட்டார். ஏக்கர் ஒரு ரூபாய் என்றால் என்ன என்பது அன்றைய தோடருக்கு எவ்வளவு விளங்கியிருக்கும் என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். மலைக்குப் பாதை போடச் சொன்னதும் அவர்தான். அந்தப் பாதையில்தான் பட்டாளமும் தோட்டக்காரரும் ஏறி வந்தார்கள்.

ஆனால், சுயநலம் மட்டும்தான் காரணம் என்றால், கோவையை விட்டுப் போனதுமே அவர் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அவர் மூடவில்லை. தாய்நாடு போய்த் திரும்பி, சென்னையில் ரெவின்யூ போர்டில் தலைமைப் பதவி வரை உயர்ந்தார். 1830-களிலும் தோடரே மலையின் சொந்தக்காரர் என்று நீண்ட அறிக்கைகள் எழுதினார். சர்க்காரின் உச்சியில் உட்கார்ந்துகொண்டு சர்க்காருக்கு எதிராக எழுதினார்.

1838-ம் ஆண்டு அவர் குடும்பத்தில் இடி விழுந்தது. மனைவி ஹென்ரியட்டா இறந்தார். மூத்த பருவத்தை எட்டிக்கொண்டிருந்த மகளும் அதே ஆண்டில் இறந்தாள். இருவரையும் ஊட்டி புனித ஸ்டீபன் ஆலயத்து இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள்.

அந்த ஆலயத்தை நிறுவியவர் யார் தெரியுமா? லூஷிங்டன். 1829-ல் அவர் அடிக்கல் நாட்டினார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் அரண்மனையிலிருந்து பெயர்த்த தேக்கு மரங்களைக் கொண்டுவந்து அந்தக் கட்டிடத்துக்குப் போட்டார்கள். தம்மை ஊட்டியிலிருந்து விரட்டிய மனிதர் எழுப்பிய கோயிலில் மனைவியையும் மகளையும் விட்டுவிட்டு, 1841-ல் சல்லிவன் கப்பல் ஏறினார். இந்தியாவுக்கு வந்து முப்பத்தேழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

தீர்ப்பு

அவர் போன இரண்டாம் ஆண்டு, 1843-ல், லண்டனிலிருந்த கம்பெனி டைரக்டர்கள் வழக்கை முடித்தார்கள். தோடருக்கு மலை சொந்தமில்லை. சிறு வரி கட்டி எருமை மேய்க்கும் வழக்கப் பாத்தியதை மட்டும் உண்டு. அவர்களுடைய மந்துகளையும் கோயிலிடங்களையும் குடியேறியவர்கள் தொந்தரவு செய்யக் கூடாது. இதுதான் தீர்ப்பு.

அதன்படி பட்டா கொடுத்தார்கள். எவ்வளவு? மந்து ஒன்றுக்கு மூன்று வள்ளம். வள்ளம் என்பது நம் கொங்குநாட்டுக் கணக்கு. ஏறத்தாழ நாலு ஏக்கர். மூன்று வள்ளத்துக்கு 11.46 ஏக்கர் வந்தது. மலை முழுவதும் மேய்ந்த எருமைக் கூட்டத்துக்கு 11 ஏக்கர்!

இருபது ஆண்டு கழித்து, 1863-ல், கோவை கலெக்டர் கிராண்ட் இது போதாது என்று எழுதி, மந்துக்கு இன்னும் ஒன்பது வள்ளம், அதாவது 34.38 ஏக்கர், வாங்கிக் கொடுத்தார். அதற்கும் நிபந்தனை உண்டு. மேய்ச்சலுக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். நிலத்தை விற்கக் கூடாது. அதிலுள்ள மரத்தையும் விற்கக் கூடாது. அந்தச் சமயத்தில் ஊட்டியைச் சுற்றிக் காப்பி, தேயிலை, சிங்கோனா என்று தோட்டங்கள் பெருகிக்கொண்டிருந்தன. மந்துக்குப் பன்னிரண்டு வள்ளம் போக மற்றவை கைமாறின.

சல்லிவன் இதையெல்லாம் பார்க்கவில்லை. இங்கிலாந்தில் அவர் சும்மா இருக்கவுமில்லை. கம்பெனியின் பங்குதாரர் சபையில் எழுந்து நின்று, சதாரா ராஜாவின் நாட்டைப் பறித்தது தவறு என்று வாதாடினார். 1853-ல், இந்திய மன்னர்களோடு செய்த ஒப்பந்தங்களைக் கம்பெனி மதிக்க வேண்டும் என்று ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். கம்பெனி ஆட்சியை ஒரு கடற்பஞ்சுக்கு ஒப்பிட்டு அவர் சொன்னது சரித்திர மாணவர்களுக்குத் தெரியும். கங்கைக் கரையிலிருக்கும் நல்லதையெல்லாம் உறிஞ்சி எடுத்து, தேம்ஸ் கரையில் கொண்டுபோய்ப் பிழிவதுதான் அந்தப் பஞ்சின் வேலை என்பது அதன் கருத்து. தாதாபாய் நவுரோஜி இந்தியச் செல்வம் வெளியேறும் கணக்கை விரித்து எழுதுவதற்கு வெகு முன்பே, ரெவின்யூ போர்டு தலைவராக இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் சொன்னது இது.

1855-ம் ஆண்டு ஜனவரி மாதம் 16-ந் தேதி, அறுபத்தாறாம் வயதில் சல்லிவன் காலமானார். லண்டனுக்கு மேற்கே ஸ்லவ் நகரை ஒட்டிய அப்டன் என்ற ஊரில், புனித லாரன்ஸ் ஆலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. அவருடைய மகன் ஹென்றி எட்வர்டும் பின்னாளில் கோவைக்கே கலெக்டராக வந்தார்.

மலைக்கு ஒரு சட்டம்

கம்பெனியும், அதன் பின் வந்த ராணி ஆட்சியும், மலையும் எல்லையும் சேர்ந்த இடங்களில் எல்லாம் ஏறக்குறைய ஒரே வழியில் போயின. சமவெளிக்கு ஒரு சட்டம், மலைக்கு வேறொன்று. நம் சென்னை ராஜதானியிலேயே, கஞ்சம், விசாகப்பட்டினம் மலைப் பகுதிகளை 1839-ல் சாதாரணக் கோர்ட்டுகளின் அதிகாரத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். ஏஜென்சி என்று பெயர். அங்கே கலெக்டர் வைத்ததுதான் சட்டம். அந்தப் பக்கத்து மலைகளில்தான் 1922-ல் அல்லூரி சீதாராம ராஜு கிளம்பினார்.

வடமேற்கு எல்லையில் இன்னும் கொடுமை. 1901-ல் வந்த எல்லைக் குற்றச் சட்டத்தின்படி, ஒருவன் செய்த குற்றத்துக்கு அவனுடைய குலம் முழுவதையும் தண்டிக்கலாம். வக்கீல் கிடையாது, அப்பீல் கிடையாது. வெள்ளையர் போன பிறகும் பாகிஸ்தான் அதை வைத்துக்கொண்டது. 2018-ம் ஆண்டில்தான் அந்த மலை ஜில்லாக்கள் சாதாரணச் சட்டத்தின் கீழ் வந்தன. எண்ணிப் பாருங்கள், 117 ஆண்டுகள்!

நீலகிரியில் துப்பாக்கி வெடிக்கவில்லை. தோடர் சண்டைக்காரர் அல்ல. அங்கே பட்டாவும் விதியும் வேலையை முடித்தன. 1882-ல் சென்னைக் காட்டுச் சட்டம் வந்தது. 1893-ல் தோடரின் பட்டா நிலங்களையும் அந்தச் சட்டத்தின் விதிகளுக்குள் கொண்டுவந்தார்கள். பெயருக்குச் சொந்தம். ஆனால், அதிலே என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று சொல்வது காட்டிலாகா.

சுதந்திரம் வந்த பின்னும் புல்வெளி சுருங்கியது. தைலமரமும் சீகை மரமும் மலை மலையாக நடப்பட்டன. விறகுக்கும் தொழிற்சாலைக்கும் மரம் கிடைத்தது. எருமைக்குப் புல் கிடைக்கவில்லை.

2006-ல் பாராளுமன்றம் வன உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. வெள்ளையர் காலத்திலும், சுதந்திர இந்தியாவிலும், காடுவாழ் மக்களின் பரம்பரை நிலத்தின் மீது அவர்களுக்குள்ள உரிமை சரியாக ஒப்புக்கொள்ளப்படவில்லை, இது சரித்திர அநீதி என்று அந்தச் சட்டத்தின் முகவுரையே சொல்கிறது. மேய்ச்சல் உரிமையும் அந்தச் சட்டத்தில் உரிமையாகவே எழுதப்பட்டிருக்கிறது. சல்லிவன் கோவை கச்சேரியில் உட்கார்ந்து வாதாடத் தொடங்கி அதற்குள் ஏறக்குறைய 180 ஆண்டுகள் ஓடிவிட்டன.

2022-ம் ஆண்டு மே மாதம் ஊட்டியின் இருநூறாவது ஆண்டு விழா நடந்தபோது, அந்த ஊரில் சல்லிவனுக்கு மார்பளவுச் சிலை திறந்து வைத்தார்கள்.

அடுத்த முறை கோடை விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஊட்டிக்குப் போகிறவர்கள் மலர்க்காட்சி பார்க்க அரசு தாவரவியல் பூங்காவுக்குப் போவார்கள். அதோடு திரும்பிவிட வேண்டாம். பூங்காவுக்கு மேலே கொஞ்சம் ஏறினால் ஒரு தோடர் மந்து உண்டு. அந்தப் பூங்கா அமைவதற்கு முன்பிருந்தே தோடர் அந்த மலையில் இருக்கிறார்கள். திரும்பும் வழியில் புனித ஸ்டீபன் ஆலயத்தின் பின்புறச் சரிவுக்குப் போனால், பாசி படிந்த கல்லறைகளுக்கு நடுவே ஹென்ரியட்டா சல்லிவன் பெயரைப் பார்க்கலாம்.